வழி சொல்லாதவர்

சேலையூர் ஏரிக்குப் பின்பக்கத்துத் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே வந்த எங்கள் ஆட்டோ ஒரு முச்சந்தியில் நின்றது.

"லெஃப்ட்டா ரைட்டாம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"போய்ப் பாருங்க" என்றார் மேடம்.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எனக்கு அன்று வேலையில் முதல் நாள். வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அவர் இடது பக்கம் ஒடித்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் வந்து தெரு முடிந்துபோனது.

"இன்னாம்மா, வூடு உன்னுதா என்னுதா? வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"அவசரமில்லண்ணா" என்றார் மேடம். அவர் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, யாரோ வேறு ஒருவருடைய வீட்டுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் முனகிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து, இன்னும் இரண்டு தெருக்களில் நுழைந்து வெளியே வந்து, கடைசியில் ஒரு பச்சை கேட் முன்னால் மேடம் "இங்கதான்" என்றதும் நிறுத்தினார்.

"இனிமே கண்ண மூடிகினு வருவேன் இந்த வூட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் ஆயிற்று. எங்கள் ஆய்வுக்கு வருகிறவர்களை அதற்குப் பிறகு அவர்தான் ஆட்டோவில் கூட்டி வந்தார். ஒருநாளும் தெரு தவறியதில்லை. அவர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டால் மேடம் என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் தரமாட்டார்.

மேடம் ஒரு கல்லூரியில் கல்வியியல் கற்பித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். கம்ப்யூட்டர் கேம் விளையாடும்போது மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது ஆய்வு. அதிலும் வாழ்நாளில் மௌஸைத் தொட்டிராத நடுத்தர வயதுக்காரர்கள்தான் அவருக்கு வேண்டும். நான் உளவியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். கூடுவாஞ்சேரியில் வீடு. தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, சுரங்கப்பாதையைக் கடந்து, கிழக்குப் பக்கம் ஷேர் ஆட்டோ பிடித்து அவர் வீட்டு மாடி அறைக்குப் போவேன். அங்கே ஒரு மேஜையில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் இரண்டு நாற்காலிகள். முன்னால் இருப்பது விளையாடுகிறவருக்கு. பின்னால் இருப்பவை எங்களுக்கு.

முதல் நாள் என்னையே முன்னால் உட்காரவைத்தார்.

விளையாட்டு எளிமையானது. ஒரு பழைய வீடு. கையில் ஒரு விளக்கோடு அறை அறையாகப் போகவேண்டும். தரையில் திடீரென்று பள்ளம் வரும். விழுந்தால் செத்துவிடுவோம், மறுபடி வாசலில் உயிரோடு நிற்போம். ஓர் இடத்தில் நீலக் கதவு ஒன்று வந்தது. சாவி போட்டாலும் திறக்கவில்லை, தள்ளினாலும் திறக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மேடம் வாயில் ஒரு இஞ்சி மிட்டாயைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த சர்ச் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இது திறக்கல."

மிட்டாய் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. 

எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு எரிச்சல். அப்புறம் அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. வேலைக்கு வந்த இடத்தில் ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று. கோபத்தில் கீபோர்டில் கண்ட எழுத்துகளையும் அழுத்தினேன். விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் அந்தக் கதவு தானாகத் திறந்தது. "அட!" என்று கத்திவிட்டேன்.

அன்றைக்கு முதல் தடவையாக மேடம் சிரித்தார். "இப்ப ஒரு சத்தம் போட்டியே, அதுதான் என் தீசிஸ்" என்றார்.

அந்தச் சத்தத்தை அவர் சேகரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி போடுவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாக்கைத் தட்டுவார். பெருங்களத்தூரிலிருந்து வரும் நர்ஸம்மா "ஸ்தோத்திரம்" என்பார். அந்தச் சத்தம் வரும்வரை மேடம் வாயைத் திறக்கமாட்டார். எத்தனை கெஞ்சினாலும் சரி. பேசிவிடுவோமோ என்ற பயத்தில்தான் வாயில் மிட்டாய்.

"ஏன் மேடம், ஒரு சின்ன க்ளூ குடுத்தா என்ன?" என்று கேட்டிருக்கிறேன்.

"சொல்லிட்டா அது என்னோடது. அவங்களே கண்டுபிடிச்சா அவங்களோடது."

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து சேலையூர்த் தெருக்களில் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். மேடம் வீட்டுக்கு வாடிக்கையாக வருகிறவர். கூடையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மோந்து பார்த்துவிட்டு மாடிக்கு வருவார். முதல் வாரம் முழுக்கப் பள்ளத்திலேயே விழுந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, நானும் காத்தாலேந்து செத்துகினே கீறேன். நீ பாத்துகினு குந்திகினு கீற. கடல்ல உயுந்தா தொண்டு கிழவன் கூட கயிறு போடுவாம்மா!"

மேடம் காலண்டரைப் பார்த்தார்.

மீன்கார அம்மா மௌஸைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் மீனும் வரவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றாம் நாள் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இவளுக்கு நான் காட்டறேன். நீங்க ரெண்டு பேரும் கம்னு இருங்க" என்றார். தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அங்க போவாத, பள்ளம் கீது" என்று தான் விழுந்து எழுந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நீலக் கதவு வரைக்கும் போய்விட்டார். அன்றைக்கும் அது திறக்கவில்லை. ஆனால் அவர் முகம் பூரித்துக் கிடந்தது.

அவர்கள் போன பிறகு மேடம் சொன்னார்: "ஒருத்தர் கத்துகிட்டாரான்னு டெஸ்ட் வெச்சுக் கண்டுபிடிக்க வேணாம். பக்கத்துல இன்னொருத்தரக் கூட்டிட்டு வந்து உக்கார வெப்பாங்க."

இப்படி எல்லாம் யோசிக்கிற ஒருவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்கு ஆசையாக இருக்கும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் டீ போடுவதற்காகச் சமையலறைக்குப் போனேன். அந்த அடுப்பின் திருகை எப்படித் திருப்பினாலும் பற்றவில்லை. மேடம் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் பின்னாலிருந்து வந்து, "உள்ள அமுக்கிட்டுத் திருப்பணும்மா. கொஞ்ச நேரம் பிடிச்சுட்டே இரு. டாக்டரம்மா வீட்டுல டீ குடிக்கணும்னா பரீட்சை பாஸ் பண்ணணும், தெரியாதா?" என்றார்.

பட்டம் வாங்குவதற்கு முன்பே அவருக்கு அவர் மனைவி டாக்டரம்மா. நான் அவரை சார் என்று கூப்பிடுவேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் வேலை. முடிச்சூர், படப்பை வழியாகத் தினமும் பைக்கில் போய்வருவார். மேடத்துக்கு நேர் எதிர். எதையும் சொல்லாமல் அவரால் இருக்கமுடியாது. டி.வி.யில் சினிமா ஓடினால் கிளைமாக்ஸைச் சொல்லிவிடுவார். விடுமுறை நாட்களில் மாடிக்கு வந்து எட்டிப்பார்த்து, மேடம் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் விளையாடுகிறவரின் காதில், "விளக்க அணைச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிப்போவார். மேடம் வாயில் மிட்டாயோடு மாடிப்படி வரை துரத்திக்கொண்டு போவார். "ஒரு ஆளு வேஸ்ட்டாப் போச்சுங்க! அவங்களோட டேட்டா முழுக்கப் போச்சு!" கீழேயிருந்து சாரின் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவருமே பேசி நான் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம், வரவேண்டியவர் வராமல் போனதால் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது மேடம் தானாகவே சொன்னார். அவருடைய அப்பா கணக்கு வாத்தியார். வீட்டிலும் கணக்குப் போடவேண்டும். தப்பாகப் போட்டால் அடி. எங்கே தப்பு என்று யோசிப்பதற்குள் அப்பா விடையைச் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டு அடிப்பார்.

"அந்த வீட்டுல தப்பு பண்ண எடமே கிடையாது. இதுல பாரு, செத்தாலும் கொண்டுவந்து வாசல்ல நிறுத்திடுது. ஒண்ணும் கேக்கறதில்ல. எனக்கு இதப் பாத்ததும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

புதிதாக எந்த விளையாட்டைக் கொண்டுவந்தாலும் முதலில் சார்தான் விளையாடிப் பார்ப்பார். எங்கெங்கே சிக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக. பழைய வீட்டையும் அவர்தான் முதலில் விளையாடியவர். நீலக் கதவின் ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் அந்த விளையாட்டை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக சாரை உட்காரச் சொன்னோம். அவர் பேசிக்கொண்டே விளையாடினார். பள்ளங்களில் விழுந்தார். நீலக் கதவு வந்தது. சாவியைப் போட்டார். தள்ளினார். சுற்றிச் சுற்றி வந்தார். வேண்டுமென்றே எங்களை வெறுப்பேற்றுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். கடைசியில் விளக்கை அணைத்தார். கதவு திறந்தது.

"அட!" என்றார் சார். "டாக்டரம்மா, இங்க பாரேன்! விளக்க அணைச்சாத்தான் திறக்குது!"

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் அந்தச் சத்தத்தை அத்தனை பேரிடமிருந்து, இரண்டு வருஷமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர். அது முதல் தடவை மட்டுமே வரும் சத்தம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கன்னத்தில் மிட்டாய் அப்படியே நின்றது.

"ம்" என்றார். "பாத்தேன்."

அதற்கடுத்த சனிக்கிழமை சாரை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். எனக்குக் காரணம் சொல்லவில்லை. சார் சலிக்காமல் வந்து விளையாடினார். சில வாரம் நேராக நீலக் கதவுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். சில வாரம் புதிதாக வந்தவர் மாதிரி நிற்பார், கண்டுபிடித்து, "அட!" என்பார். பிறகு ஒரு சனிக்கிழமை அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. "என்னமோ இன்னிக்கு மூட் இல்ல" என்று எழுந்துபோனார்.

"மேடம், சார்கிட்ட சொல்லலாமே" என்றேன்.

"என்னன்னு?"

 அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். டாக்டரிடம் போகலாம் என்று மேடம் இரண்டு தடவை கூப்பிட்டதும், "எனக்கென்ன வந்துச்சு?" என்று சார் சத்தம் போட்டதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

தை மாதம் ஒரு சாயங்காலம் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேடத்துக்குப் போன் வந்தது. சாருடைய எண். ஆனால் பேசியது ஒரு பெண்.

"ஆஸ்பத்திரியாம்மா? இங்க ஒருத்தரு வண்டிய நிறுத்திகினு ரொம்ப நேரமா நிக்கிறாரு. எங்க போவணும்னு கேட்டா சிரிக்கிறாரு. போன வாங்கிப் பாத்தா டாக்டரம்மான்னு போட்டிருந்துச்சு. அதான் பண்ணேன்."

"எந்த இடம்?"

"குன்றத்தூரு. மலைக்குக் கீய பூ விக்கறேன்."

நாங்கள் எங்கள் வழக்கமான ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, பல்லாவரம், அனகாபுத்தூர் வழியாகப் போனோம்.  முருகன் கோயில் அடிவாரத்தில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் சார் பைக்கின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. படப்பையில் நேராக வரவேண்டியவர், மணிமங்கலம் ரோட்டில் திரும்பி, சோமங்கலத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

மேடத்தைப் பார்த்ததும், "நீ எங்க இங்க?" என்றார்.

"சும்மா வந்தோம்" என்றார் மேடம்.

பூக்கார அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். "நல்ல மன்சன்மா. யாரையும் ஒண்ணும் சொல்லல. பாவம், நின்னுகினே கீறாரு."

நான் மேடத்தைத் தனியாக இழுத்து, பைக் இங்கேயே இருக்கட்டும், சாரை ஆட்டோவில் ஏற்றிக்கொள்வோம், நாளைக்கு யாரையாவது அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அது சார் காதில் விழுந்துவிட்டது.

"ஏன், எனக்கென்ன? வீட்டுக்குத்தான போறேன்? வண்டி ஓட்டத் தெரியாதா எனக்கு?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பூக்கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாரின் உதடு கோணிக்கொண்டது.

மேடம் புடவையை ஒதுக்கிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "நீ ஆட்டோல பின்னாடி வா" என்றார் என்னிடம்.

நாங்கள் வந்த பல்லாவரம் ரோட்டுக்குப் போகாமல், சார் தான் வந்த பக்கமாகவே வண்டியைத் திருப்பினார். ஆட்டோ பின்னாலேயே போயிற்று. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஊர் முடிந்து வயல்களும், மனை பிரித்து நட்ட கற்களும் வந்தன. ஒவ்வொரு பிரிவிலும் பைக் நிற்கும். சார் இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார். பிறகு ஏதோ ஒரு பக்கம் போவார். மேடத்தின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

ஒரு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனோம். கொஞ்ச நேரத்தில் அதே ஏரிக்கரை மறுபடி வந்தது.

"இன்னாம்மா இது, சுத்துன எடத்தையே சுத்திகினு கீறாரு" என்றார் ஆட்டோக்காரர். "அந்தம்மா வாயத் தொறந்து சொல்லமாட்டாங்களா? எனக்குப் பண்ணாங்க, செரி. கட்டுன புருசனுக்குமா?"

"ஹாரன் அடிங்கண்ணா. முன்னாடி போய் வழி காட்டுங்க" என்றேன்.

"நானும் அதத்தான் நெனச்சேன். முன்னால போனா அந்தாளு மொகத்த எப்படிம்மா பாக்கறது?"

அவர் போகவில்லை. ஒரு இடத்தில் பைக் சாலை ஓரமாக நின்றுவிட்டது. இருவரும் இறங்கவில்லை. சார் காலை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். நாங்களும் பின்னால் நின்றோம். எங்களைத் தாண்டி ஒரு கம்பெனி பஸ், வேலை முடிந்த ஆட்களோடு போனது. சார் நிமிர்ந்து அதைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பி அதன் பின்னாலேயே போனார். அது திரும்பிய இடத்தில் எல்லாம் திரும்பினார். படப்பை கடைத்தெருவின் விளக்குகள் தெரிந்ததும் பைக் வேகம் பிடித்தது. அங்கிருந்து சேலையூர் வரை ஓரிடத்திலும் தயங்கவில்லை. எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாங்கள் இறங்கும்போது சார் பச்சை கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். "ரோட்டுல இன்னிக்கு ஏகப்பட்ட டிராஃபிக்" என்றார்.

எனக்கு அன்று ரயிலில் உட்கார்ந்திருந்தபோது கோபமா பயமா என்று தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. பிறகு அதுவும் இல்லாமல் போனது. அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தது மனைவியா, ஆராய்ச்சியாளரா? மறுநாள் அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை விளையாட்டு அத்தோடு நின்றது.

டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னது சார்தான். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "மறதி நோயாம். கொஞ்சம் சின்ன வயசுலயே வந்துடுச்சாம். ஒரு விதத்துல பரவால்லம்மா. இனிமே எனக்கு எல்லா கேமும் புது கேம்." நான் சிரிக்கவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். சிரித்தேன்.

மேடம் ஆய்வை முடித்தார். பட்டம் வாங்கினார். சார் அவரை டாக்டரம்மா என்று கூப்பிடுவது அந்த வருஷத்தில்தான் நின்றுபோனது. எனக்கு ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலை கிடைத்தது. மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். பிறகு அதுவும் குறைந்தது.

ஒரு தடவை போயிருந்தபோது மூவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் சார்.

"வியாழக்கிழமை" என்றார் மேடம்.

"நான் ஆபீஸ் போகலயா?"

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. இப்ப வீட்டுலதான் இருக்கீங்க."

"இவங்க யாரு?"

"என்கூட வேலை பாத்த பொண்ணு. கூடுவாஞ்சேரிலேந்து வந்திருக்கா. உங்களுக்கு இவளப் பிடிக்கும்."

சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்றார்.

"வியாழக்கிழமை."

நான் அங்கே இருந்த நேரம் முழுக்க இப்படியே போனது. யாருக்கும் எதையும் சொல்லாத பெண் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ட ஒவ்வொரு தடவையும் அதே குரல். அலுப்பு இல்லை. கனிவு என்றும் சொல்லமுடியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வருகிற மாதிரி வந்தது.

சார் இறந்துபோனது போன வருஷம். நிமோனியா. செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். போனை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மாணவியிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். சாயங்காலம்தான் போனேன்.

சர்ச்சில் கூட்டம் அதிகமில்லை. மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாடி அறையில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி. எனக்குப் பின்னால் உறவுக்காரப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டார்கள். "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல பாரேன்." "அவ எப்பவுமே அப்படித்தான். அழுத்தக்காரி." கல்லறையில் மண் போடும்போது மீன்கார அம்மாதான் வாய்விட்டு அழுதார். மேடம் அவர் தோளில் கை வைத்தார்.

எனக்கும் அழுகை வரவில்லை. ரயிலில் திரும்பும்போது எனக்குள் எதுவும் இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அப்படி இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மேடம் சாரின் சட்டைகளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் யாரோ கேட்டிருந்தார்களாம். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன். கல்லூரியைப் பற்றி, மழையைப் பற்றி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு ரோட்டில் நடக்க முடியாமல் போனதைப் பற்றிப் பேசினோம். பேச்சு தீர்ந்துபோன ஒரு நேரத்தில் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மேடம், அன்னிக்கு குன்றத்தூர்லேந்து வந்தோமே. சார்கிட்ட ஏன் வழி சொல்லல?"

அவர் சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஏன் சொல்லலன்னு நீ நெனச்ச?"

"அவரா கண்டுபிடிக்கிறாரான்னு பாத்தீங்கன்னு நெனச்சேன்."

"இத்தன வருஷமா அப்படியா நெனச்சிட்டிருந்த?"

"ஆட்டோ அண்ணாவும் அப்படித்தான் நெனச்சாரு."

அவர் சட்டையின் காலரை நேராக்கினார். பழைய வழக்கம், பதில் வராது என்று நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

"எனக்கு வழி தெரியாதும்மா" என்றார். "அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. இருட்டிட்டு வந்துச்சு. ஏரி, வயல், அந்தக் கல்லுங்க. எங்க திரும்பினா வீடுன்னு எனக்கும் தெரியல."

"போன்ல மேப் இருந்துச்சே மேடம்."

"இருந்துச்சு. கைப்பைக்குள்ளதான் இருந்துச்சு." மடித்த சட்டையை மற்றவற்றின் மேல் வைத்து நீவிவிட்டார். "அவர் உடம்பு நடுங்கிட்டே இருந்துச்சு. குன்றத்தூர்லேந்து படப்பை வர்ற வரைக்கும். உங்களுக்குப் பின்னாடிலேந்து தெரிஞ்சிருக்காது. போன எடுக்கணும்னா அவரப் பிடிச்சிருந்த கைல ஒண்ண விடணும்."